570 சொல் குடும்பங்கள், 12 வாரம்: ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு ஆங்கிலச் சொல்வளம் சேர்ப்பது எப்படி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம், வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்-க்குத் தயாராகிறவர்களின் நோட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ் அர்த்தம், ஒரு நாளைக்கு ஐம்பது வரி. ஒரு மாதத்தில் ஆயிரம் சொல்லுக்கு மேல் சேர்ந்துவிடும். ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் அதில் பத்துகூடக் கைக்கு வராது. வருகிற ஒன்றிரண்டும் தப்பான இடத்தில் போய் உட்காரும். உழைப்பில் குறை இல்லை. தேர்வு கேட்பது ஒன்று, நோட்டு பழக்குவது வேறொன்று.

ரைட்டிங், ஸ்பீக்கிங் இரண்டிலும் மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்கு. பேண்ட் என்பது இந்தத் தேர்வின் மதிப்பெண் நிலை. 6 பேண்டுக்கும் 7 பேண்டுக்கும் இடையில் தேர்வாளர் பார்ப்பது முக்கியமாக இரண்டு விஷயம். அதிகம் புழங்காத சொற்களைப் பயன்படுத்துகிறாரா? அவற்றை எந்தச் சொல்லோடு சேர்க்க வேண்டும் என்று தெரிந்து பயன்படுத்துகிறாரா? முதலாவதை மனப்பாடம் தரும். இரண்டாவதைத் தராது. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கு ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஹாஸ்டல்களில் இந்தத் தேர்வுக்குப் படிக்கிற நர்ஸ்கள் பலருக்குக் கடைசி அரை பேண்ட் இழுபறியாவது இந்த இடத்தில்தான்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது: சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், அது சேர்ந்து வரும் சொற்களோடு படியுங்கள். குறைவாகப் படியுங்கள், எழுதிப் பாருங்கள். கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உங்கள் கார்டிலும் நோட்டிலும் அவற்றை ஆங்கில எழுத்தில் மட்டுமே எழுதுங்கள். காரணம் பின்னால் வரும்.

எந்தச் சொற்கள்?

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட் இன்றும் நல்ல தொடக்கம். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு துறைகளிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட நூல்களையும் கட்டுரைகளையும் எடுத்து, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொல் குடும்பங்களை அவர் பிரித்தெடுத்தார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். பத்துப் பகுதிகள். முதல் ஒன்பதில் 60 வீதம், கடைசியில் 30. முதல் பகுதியில் இருப்பவை மிக அதிகமாக வருபவை, போகப் போகக் குறையும்.

கல்வி சார்ந்த எழுத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் இந்தச் சொற்களே. கதைப் புத்தகங்களில் 1.4 சதவீதம்தான். நாவல் படித்தால் ஆங்கிலம் வளரும் என்று சொல்வது உண்மைதான், ஆனால் இந்தத் தேர்வுக்கான சொற்களை நாவலில் சந்திக்கக் காத்திருந்தால் காலம் போதாது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியல், மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்த சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு அவற்றைத் தவிர்த்துவிடுகிறது. அடிப்படைப் பட்டியல் அவ்வளவு பழையது என்பதால் கம்ப்யூட்டர், டீம், ஜாப் போன்ற சொற்கள்கூடக் கல்விச் சொற்களாக இதில் வந்துவிட்டன. அவற்றைப் பார்த்துப் பட்டியலே சுலபம் என்று ஏமாற வேண்டாம். அந்த அடிப்படை 2,000 சொற்களில் ஓட்டை இருப்பவர்கள் நிறையப் பேர். ரைஸ், ரெய்ஸ் வித்தியாசம், அஃபெக்ட், எஃபெக்ட் வித்தியாசம், கேரி அவுட், அக்கவுன்ட் ஃபார் போன்ற இரட்டைச் சொற்கள் தடுமாறினால் முதலில் அங்கே ஒரு வாரம் செலவிடுங்கள். அந்த வாரம் வீண் போகாது.

முதலில் சலித்தெடுங்கள்

பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துப் பிரிண்ட் போடுங்கள். பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று குறிகளில் ஒன்று: தெரியாது என்றால் பெருக்கல் குறி, பார்த்தால் புரியும் என்றால் புள்ளி, நானே பயன்படுத்துவேன் என்றால் டிக். டிக் போடுவதில்தான் எல்லோரும் தாராளமாக இருப்பார்கள். அதற்கு ஒரு சோதனை வையுங்கள்: 15 விநாடிக்குள் அந்தச் சொல்லை வைத்து ஒரு முழு வாக்கியம் வாயில் வர வேண்டும். வராவிட்டால் டிக்கைப் புள்ளியாக்குங்கள்.

எஞ்சினியரிங் அல்லது நர்சிங் முடித்தவருக்கு முதல் மூன்று பகுதிகளில் பெருக்கல் குறி குறைவாகவும் புள்ளிகள் நிறையவும் விழும். அந்தப் புள்ளிகள்தான் உங்கள் சொத்து. பாதி கற்றுவிட்ட சொற்கள் அவை. பேண்ட் உயர்த்துவதற்கு மிகக் குறைந்த செலவில் கிடைப்பவை. அன்றாடம் ஐந்து கார்டு போடும்போது மூன்று புள்ளி, இரண்டு பெருக்கல் என்ற கணக்கில் எடுங்கள். சலித்த பிறகு 300 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஐந்து, வாரத்துக்கு ஆறு நாள் என்றால் பத்து வாரத்தில் முடியும். திருப்பிப் பார்க்க மட்டும் இரண்டு வாரம் விடுங்கள். மொத்தம் 12 வாரம். தேர்வுத் தேதியை இந்தக் கணக்கு போட்ட பிறகு பதிவு செய்வது நல்லது. பணம் கட்டிவிட்டு நான்கு வாரத்தில் 570-ஐயும் விழுங்கப் பார்க்கிறவர்கள்தான் அதிகம் சோர்ந்து போகிறார்கள்.

கார்டு

பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பேப்பர் கடைகளில் தடித்த ஏ4 தாள் வாங்கி, ஒரு தாளை எட்டாக வெட்டச் சொல்லுங்கள். 38 தாள் எடுத்தால் 304 கார்டு. சட்டைப் பையில் அடங்கும் அளவு. மெல்லிய தாள் வேண்டாம். பின்னால் எழுதியது முன்னால் தெரிந்துவிட்டால் கார்டுக்கே வேலை இல்லை.

கார்டின் முன்பக்கம் தமிழ் அர்த்தம் எழுதாதீர்கள். அங்கே ஓர் ஆங்கில வாக்கியம், அதில் அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் முதல் எழுத்தும் ஒரு கோடும். தேர்வில் உங்கள் முன்னால் வருவது வாக்கியம்தான், தமிழ்ச் சொல் வராது. வாக்கியத்தைப் பார்த்துச் சொல் நினைவுக்கு வரும் பாதையைத்தான் பழக்க வேண்டும்.

ஒரு கார்டைக் கிட்டத்தில் பார்ப்போம். சொல் அட்ரிப்யூட், பட்டியலின் நான்காம் பகுதியில் வருவது. முன்பக்க வாக்கியம்: “த டிக்ளைன் இன் த ஃபிஷ் கேட்ச் கேன் பி a____ டு பொல்யூஷன்.” கோடு இருக்கும் இடத்தில் அட்ரிப்யூட்டட் வர வேண்டும். பின்பக்கம் ஐந்து வரி. முதல் வரியில் சொல், அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு. வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாவது அசையான ‘ரிப்’ மேல், பண்பு என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசை மேல். இரண்டாவது வரியில் குடும்பம்: அட்ரிப்யூட்டபிள், அட்ரிப்யூஷன். மூன்றாவது வரியில் இலக்கணக் கூடு: எதோ ஒன்று ‘இஸ் அட்ரிப்யூட்டட் டு’ எதோ ஒன்று. நான்காவது வரியில் கூட வரும் சொற்கள்: லார்ஜ்லி அட்ரிப்யூட்டட் டு, பார்ட்லி அட்ரிப்யூட்டட் டு. கடைசி வரியில் சின்ன எழுத்தில் தமிழ்: இதனால் விளைந்தது என்று கருதுதல். தமிழைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அகராதி தரும் ஒற்றைச் சொல்லையே பிடித்துக்கொண்டால் சிக்னிஃபிகன்ட், இம்பார்ட்டன்ட், க்ரூஷியல், மேஜர் எல்லாமே ‘முக்கியமான’ ஆகிவிடும். ‘சிக்னிஃபிகன்ட் இன்க்ரீஸ்’ என்பது கணிசமான உயர்வு. அங்கே இம்பார்ட்டன்ட் போட்டால் வாக்கியம் வேறு எதையோ சொல்லும்.

ஒரு கார்டு எழுத ஆறேழு நிமிடம் ஆகும். ஐந்து கார்டுக்கு அரை மணி நேரம். இதைச் சுருக்கப் பார்க்காதீர்கள். எழுதும் அந்த அரை மணியே பாதிப் படிப்பு. வாக்கியத்தை நீங்களே உருவாக்காமல் ஒரு நல்ல மாணவர் அகராதியிலிருந்து எடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் இணையத்தில் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியில் கல்விச் சொற்களுக்கு ஓபல் என்ற குறி இருக்கும். எழுத்தில் வருவது எது, பேச்சில் வருவது எது என்றும் அது பிரித்துக் காட்டும். ஆங்கிலம்-தமிழ் அகராதியைக் கடைசி வரிக்கு மட்டும் திறந்தால் போதும்.

திருப்பிப் பார்க்கும் பெட்டி

படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதினார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு தடவை நினைவுபடுத்தினால் அடுத்த மறதி தள்ளிப்போகும். இதை வைத்து செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பியதுதான் ஐந்து அறைப் பெட்டி. ஒரு செருப்பு டப்பாவில் நான்கு அட்டைத் தடுப்பு வைத்தால் பெட்டி தயார்.

புதுக் கார்டு முதல் அறையில். முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரத்துக்கு ஒரு முறை, நான்காவதைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை. சரியாகச் சொன்னால் கார்டு அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். சொல் மட்டும் நினைவுக்கு வந்தால் சரி என்று எண்ணாதீர்கள். சொல்லும், கூட வரும் சொல் ஒன்றும் வந்தால்தான் அடுத்த அறை.

முதல் அறை வீங்குவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. அதில் 20-க்கு மேல் கார்டு சேர்ந்துவிட்டால் இரண்டு நாள் புதுக் கார்டு போடாதீர்கள். அப்படியும் குறையவில்லை என்றால், ஒன்றை ஒன்று குழப்பும் சொற்களை ஒரே நாளில் எடுத்திருப்பீர்கள். adapt, adopt, adept என்ற மூன்று, ப்ரின்சிப்பிள் என்று ஒலிக்கும் principal, principle, அப்புறம் எகனாமிக், எகனாமிகல் போன்றவற்றை ஒரே நாளில் போடவே கூடாது. இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். அர்த்தம் எதிரெதிரான சொற்களுக்கும் இதுவே விதி.

போனிலேயே செய்வதானால் அன்கி ஆப் ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. அதை நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் காரியம், நாளைக்கு 20 புதுக் கார்டு என்று இருக்கும் அமைப்பை 5 ஆக்குவது. 20-ஐ அப்படியே விட்டவர்களுக்குப் பத்தாம் நாளில் நூற்றுக்கு மேல் கார்டு வந்து நிற்கும், பதினோராம் நாள் ஆப்பையே திறக்க மனம் வராது. வேறு யாரோ செய்துவைத்த கார்டுக் கட்டுகளை இறக்கிக்கொள்வதையும் தவிருங்கள். எழுதும் வேலை போய்விட்டால் மிஞ்சுவது பழைய ஐம்பது வரி நோட்டுதான்.

தினசரிக் கார்டு பார்க்க 15, 20 நிமிடம் போதும். விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோ ஏறி சென்ட்ரல் போகிறவர்களுக்கு அந்தப் பயண நேரமே போதுமானது. நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு பார்ப்பது நல்லது. விடிகாலை மூன்று மணிக்குக் களைப்போடு பார்த்தால் தெரிந்த கார்டுகள்கூடத் தப்பி முதல் அறைக்குத் திரும்பிவிடும்.

கூட வரும் சொற்கள்

இந்தப் பகுதியில்தான் நேரத்தைக் கொட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ரிசர்ச்சை ‘கண்டக்ட்’ செய்வார்கள், ‘கேரி அவுட்’ செய்வார்கள், ‘டூ’ கூடச் சொல்வார்கள். ‘மேக்’ வராது. ரோல் என்றால் ‘ப்ளே’, த்ரெட் என்றால் ‘போஸ்’, அவேர்னஸ் என்றால் ‘ரெய்ஸ்’, கன்க்ளூஷன் என்றால் ‘டிரா’ அல்லது ‘ரீச்’. இதற்கெல்லாம் விதி கிடையாது. பழக்கம்தான். பியர்சன் நிறுவனம் வெளியிட்ட அகடமிக் கலோகேஷன் லிஸ்டில் இப்படி 2,469 இணைகள் இருக்கின்றன. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அன்றைய ஐந்து சொற்களை அதில் தேடி, சொல்லுக்கு இரண்டு இணை எடுத்துக் கார்டின் நான்காம் வரியில் எழுதுங்கள்.

‘வெரி’ என்ற சொல்லை விடுவது இதில் பெரிய லாபம் தரும். மிகவும் என்று மனத்தில் ஓடியதும் கை வெரி எழுதிவிடுகிறது. அதற்குப் பதில் டென்ஸ்லி பாப்புலேட்டட், வைட்லி அவைலபிள், ஹைலி இன்ஃப்ளூயன்ஷியல், ஹெவிலி டிபென்டன்ட் ஆன், க்ளோஸ்லி லிங்க்ட் டு என்று ஜோடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கிங்கில் உங்கள் ஊர்ப்பகுதியைப் பற்றிக் கேட்பார்கள். தண்டையார்பேட்டையைப் பற்றி “வெரி வெரி க்ரவுடட்” என்பதைவிட “டென்ஸ்லி பாப்புலேட்டட்” இயல்பாகவும் துல்லியமாகவும் நிற்கும். ஆனால் பேச்சில் இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். அகடமிக் சொற்களை அடுக்கிப் பேசினால் ஒப்பிப்பது போலக் கேட்கும். மனப்பாடம் செய்த வாக்கியங்களைக் கண்டுபிடிக்கத் தேர்வாளருக்குப் பயிற்சி உண்டு.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது சில தவறுகள் நம் எல்லோருக்கும் பொதுவாக வரும். அவற்றைத் தனிக் கார்டாகவே போட்டுக்கொள்ளலாம். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதால் டிஸ்கஸ் பின்னால் ‘அபவுட்’ ஒட்டிக்கொள்கிறது. டிஸ்கஸுக்கு எதுவும் வேண்டாம். எம்ஃபசைஸ் பின்னால் ‘ஆன்’ வராது, ஆனால் எம்ஃபசிஸ் என்ற பெயர்ச்சொல்லுக்கு ‘ஆன்’ வரும். கன்சிஸ்ட்டுக்கு ‘ஆஃப்’ கட்டாயம், கம்ப்ரைஸ் தனியாகவே நிற்கும். டெஸ்பைட்டுக்கு ‘ஆஃப்’ கிடையாது. ‘கோப் அப் வித்’ இல்லை, ‘கோப் வித்’.

அடுத்தது எண்ண முடியாத பெயர்ச்சொற்கள். ஆதாரங்கள், தகவல்கள், ஆலோசனைகள், கருவிகள் என்று நமக்குப் பன்மை இயல்பாக வரும். எவிடன்ஸ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட் நான்குக்கும் கடைசியில் ‘எஸ்’ சேர்க்கக் கூடாது. ரிசர்ச்சுக்கும் அப்படியே. ஒன்றைக் குறிக்க வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் எவிடன்ஸ்’. ஒரே கட்டுரையில் இந்தப் பிழை நான்கு முறை வந்தால் மற்ற நல்ல சொற்கள் எல்லாம் அடிபட்டுவிடும். அப்புறம் ஆபீஸ் ஆங்கிலம். ‘டூ த நீட்ஃபுல்’, ‘ப்ரீபோன்’, ‘பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ்’ ஆகியவை நம் ஊரில் தினமும் ஓடுபவை, ஆனால் வெளிநாட்டுத் தேர்வாளருக்குக் கடைசியானது மயங்கி விழுந்ததாகத் தோன்றக்கூடும். ‘கிராஜுவேட்டட் ஃப்ரம்’ என்று பழகுங்கள்.

எண்ணூரை வைத்து எழுதுங்கள்

ஒவ்வொரு நாளும் அன்றைய ஐந்து சொற்களில் மூன்றையாவது சேர்த்து 60 சொல்லில் ஒரு பத்தி எழுதுங்கள். தலைப்புக்கு எங்கும் போக வேண்டாம். தேர்வில் வரும் சுற்றுச்சூழல், போக்குவரத்து, தொழில், சுகாதாரம், நகர வளர்ச்சி எல்லாமே வடசென்னையில் கண் முன்னால் இருக்கின்றன. முதல் வாரம் எண்ணூர், இரண்டாம் வாரம் 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ, மூன்றாம் வாரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், நான்காம் வாரம் கொடுங்கையூர்க் குப்பைமேடு, ஐந்தாம் வாரம் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் மணலித் தொழிற்சாலைகளும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முழுக்க ஒரே தலைப்பில் எழுதினால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அதுதான் வேண்டும்.

எண்ணூரை எடுத்துக்கொள்வோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம், அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் பரவிய எண்ணெய், அதனால் வேலை இழந்த மீனவர்கள். பழைய பழக்கத்தில் எழுதினால் இப்படி வரும்: “ஃபேக்டரீஸ் ஆர் கிவிங் மச் பொல்யூஷன் அண்ட் ஃபிஷர்மென் ஆர் சஃபரிங் வெரி மச்.” சொல்ல வந்தது புரிகிறது, ஆனால் இதில் உயர்த்திப் பார்க்க ஒரு சொல்லும் இல்லை. இதையே அட்வர்ஸ்லி அஃபெக்ட், லைவ்லிஹுட், கன்டாமினேட், ரெஸ்டோர் என்ற நான்கை வைத்து எழுதுங்கள்: “ஆயில் கன்டாமினேட்டட் த எஸ்ச்சுவரி அண்ட் அட்வர்ஸ்லி அஃபெக்டட் த லைவ்லிஹுட்ஸ் ஆஃப் லோக்கல் ஃபிஷர்ஸ். ரெஸ்டோரிங் த மேன்குரோவ்ஸ் வில் டேக் இயர்ஸ்.” சின்ன வாக்கியங்கள்தான். ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் இருக்கிறது.

அப்புறம் அதே பத்தியில் சொல் குடும்பத்தை மாற்றிப் பாருங்கள். கன்டாமினேட்டட் இருந்த இடத்தில் கன்டாமினேஷன் வைத்து வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்கள். ரெஸ்டோர், ரெஸ்டோரேஷன் ஆகட்டும். ரீடிங்கில் கேள்வி ஒரு வடிவத்திலும் பத்தி வேறு வடிவத்திலும் இருப்பதால் இந்தப் பயிற்சி அங்கேயும் கை கொடுக்கும்.

எழுதியதைத் திருத்த ஆள் இல்லாவிட்டாலும் தடையில்லை. நீங்கள் எழுதிய ஜோடியை மேற்கோள் குறிக்குள் வைத்து இணையத்தில் தேடுங்கள், அல்லது அகராதியில் அந்தச் சொல்லின் எடுத்துக்காட்டுகளில் தேடுங்கள். எங்கும் காணவில்லை என்றால் அந்த ஜோடியைச் சந்தேகப்படுங்கள்.

வரைபடக் கேள்விக்குத் தனிச் சொற்கள்

அகடமிக் தேர்வின் ரைட்டிங் முதல் பகுதியில் குறைந்தது 150 சொல்லில் வரைபடத்தை விவரிக்க வேண்டும். டிரெண்ட், ப்ரப்போர்ஷன், ஃப்ளக்சுவேட், ஸ்டேபிள், அப்ராக்சிமேட்லி, வேராஸ் என்ற ஆறு சொற்களும் பட்டியலிலேயே இருக்கின்றன. அதைவிட முக்கியம் பின்னால் வரும் சின்னச் சொல். ஒரு ரயில் நிலையத்தில் ஒரு மாதம் 40,000 பேர், மறுமாதம் 60,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ‘இன்க்ரீஸ்ட் பை 20,000’, ‘இன்க்ரீஸ்ட் டு 60,000’, ‘ஆன் இன்க்ரீஸ் ஆஃப் 50 பர்சென்ட்’, ‘ஆன் இன்க்ரீஸ் இன் பாசெஞ்சர்ஸ்’. பை, டு இரண்டையும் மாற்றிவிட்டால் தகவலே பொய்யாகிவிடும், அதனால் சொல்வளத்தோடு, கேள்வி கேட்டதைச் செய்ததற்கான டாஸ்க் மதிப்பெண்ணும் போகும். 40 சதவீதம் 60 சதவீதமானால் அது 20 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ் உயர்வு. லட்சம், கோடியை விட்டுவிடுங்கள். ஒரு லட்சம் 100,000, பத்து லட்சம் ஒரு மில்லியன். காற்புள்ளியும் மூன்று மூன்று இலக்கமாக வரட்டும்.

ஒலியும் எழுத்துக்கூட்டலும்

கார்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுத வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ‘டிரைவ்’ என்று எழுதிவிட்டால் வண்டி ஓட்டுவதும் ஒன்றிலிருந்து பெறுவதும் ஒரே சொல்லாகத் தெரியும். அழுத்தம் எங்கே என்பதும் காணாமல் போகும். அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி, கேட்டு, மூன்று முறை சத்தமாகச் சொல்லி, அழுத்தமான அசைக்கு அடிக்கோடு போடுங்கள். நாம் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்துப் பேசப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் குடும்பத்துக்குள்ளேயே அழுத்தம் நகரும். அனலைஸ் என்றால் முதல் அசை, அனாலிசிஸ் என்றால் இரண்டாவது, அனலிட்டிகல் என்றால் மூன்றாவது. ஷன், இட்டி, இக் என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த முடிவுக்கு முந்தைய அசை மேல் அழுத்தம் விழும். இந்த ஒரு விதி நூற்றுக்கணக்கான சொற்களுக்கு வேலை செய்யும்.

லிசனிங்கில் எழுத்துக்கூட்டல் தப்பினால் விடை தப்பு. பிரிட்டிஷ், அமெரிக்க முறை இரண்டும் ஏற்கப்படும். இரவில் பத்துச் சொல்லை வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லி எழுதுங்கள். பத்தாவது படிக்கும் தங்கச்சி வாசித்தாலும் போதும். அக்காமடேஷனில் இரண்டு ‘சி’, இரண்டு ‘எம்’. என்விரான்மென்ட், கவர்ன்மென்ட் இரண்டிலும் ‘எம்’முக்கு முன்னால் வரும் ‘என்’ காதில் சரியாக விழாது, ஆனால் எழுத வேண்டும். தப்பியதை ஐந்து முறை எழுதுவதைவிட எந்த எழுத்தில் தப்பினீர்கள் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு மறுநாள் அதையே திரும்பக் கேட்பது பலன் தரும்.

என்ன படிப்பது

தி கான்வர்சேஷன் இணையதளத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொதுமக்களுக்காக எழுதும் கட்டுரைகள் இலவசம். நீளமும் மொழியும் ரீடிங் பகுதிக்கு நெருக்கமாக இருக்கும். வாரம் நான்கு கட்டுரை போதும். முதல் 100 சொல்லில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அந்தக் கட்டுரையை இப்போதைக்கு விட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். முதல் தடவை நிறுத்தாமல் படியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு, கார்டில் இருக்கும் சொல் எங்கே வந்தாலும் அதன் இருபுறமும் இருக்கும் சொற்களோடு சேர்த்து அடிக்கோடு. வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்கள் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற பொதுப் படிப்பிடங்களையும், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தையும் பயன்படுத்தலாம்.

கடைசிப் பத்து நாள்

புதுக் கார்டு நிறுத்தம். பெட்டியில் முதல் மூன்று அறைகளை மட்டும் பாருங்கள். தினமும் ஒரு முழுக் கட்டுரை, குறைந்தது 250 சொல், 40 நிமிடம் கடிகாரம் வைத்து. எழுதி முடித்ததும் மூன்று நிறத்தில் கோடு போடுங்கள்: திரும்பத் திரும்ப வந்த சொல்லுக்கு ஒன்று, சந்தேகமான ஜோடிக்கு ஒன்று, எழுத்துப்பிழைக்கு ஒன்று. திரும்ப வந்த சொல் எல்லாவற்றையும் மாற்றத் துடிக்காதீர்கள். கட்டுரையின் மையச் சொல் ஐந்து முறை வருவது இயல்பு. அதற்காக வலிந்து தேடிய மாற்றுச் சொல் அர்த்தத்தைக் கெடுத்துவிடும்.

கம்ப்யூட்டரில் தேர்வு எழுதுவதானால் இந்தப் பத்து நாளும் கம்ப்யூட்டரிலேயே எழுதுங்கள், பிழை திருத்தும் வசதியை அணைத்துவிட்டு. தேர்வுத் திரையில் சிவப்புக் கோடு வராது. ரைட்டிங்கின் 60 நிமிடத்தில் கடைசி மூன்றைக் கட்டாயம் ஒதுக்குங்கள். அப்போது முழுக் கட்டுரையையும் படிக்க நேரம் இருக்காது. எண்ண முடியாத சொற்களில் ‘எஸ்’ ஒட்டியிருக்கிறதா, எண்களுக்கு முன்னால் பை இருக்க வேண்டிய இடத்தில் டு இருக்கிறதா, டிஸ்கஸ் பின்னால் அபவுட் நுழைந்திருக்கிறதா, இந்த மூன்றை மட்டும் தேடித் திருத்துங்கள்.